கருவிழியில் நிற்கும் ஆள்

பிப்ரவரி 9

அன்புள்ள மனைவிக்கு,

ஃபோனில் பேசினால் கத்துகிறீர்கள், சொல்ல வேண்டியதை எழுதிப் போடுங்கள், எழுதும்போதாவது கோபம் ஆறும் என்று சொல்லி லைனை வெட்டினாய். சரி, எழுதுகிறேன். ஆறவில்லை.

நீ அனுப்பிய பெரிய பிரிண்ட் வந்தது. சுருட்டி அனுப்பியிருந்ததால் விரித்து வைத்து நாலு மூலையிலும் கெட்டில் மூடிகளை வைத்து அமுக்கினேன். இங்கே கெட்டில் மூடிக்கா பஞ்சம்? காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்பெனிக்காரன் அனுப்பும் கெட்டிலையும் குக்கரையும் படம் எடுப்பதுதானே என் பிழைப்பு. உன் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உனக்குப் பின்னால் இருக்கும் விளக்குகளைப் பார்த்தேன்.

மங்கலாகத் தெரியும் ஒவ்வொரு விளக்கு வட்டத்துக்குள்ளும், ஒரே இடத்தில், கடுகளவு ஒரு புள்ளி. அது என் 85 லென்ஸுக்குள் இருக்கும் தூசி. இத்தனை வருஷமாக நான் பார்த்துப் பழகிய தூசி. என்னை ஏமாற்ற முடியாது. 85 எங்கே இருக்கிறது? ஈரம் புகாத அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள். பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது? என் பர்ஸில். இப்போதுகூட எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு வருஷம்தான், வந்துவிடுவேன், அதுவரை நம் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்குச் சின்னக் கேமரா போதும், பெரிய கேமரா, 85, ஃப்ளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் எட்டு மூலை சாஃப்ட் பாக்ஸ் இதையெல்லாம் யாரும் தொடக் கூடாது என்று. நீ தலையை ஆட்டினாய். அந்த ஆட்டலை நம்பித்தான் பஸ் ஏறினேன்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. எழுது. பெட்டியை யார் திறந்தது? படத்தை யார் எடுத்தது?

உன் கணவன்


பிப்ரவரி 15

என்னங்க,

பூட்டு பத்திரமாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம். கதவின் கீலில் இருக்கும் திருகுகளைக் கழற்றினால், கதவு பூட்டோடு சேர்ந்து கையோடு வந்துவிடுகிறது. சாவியைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் போனவருக்கு இது தெரியாமல் போனது ஆச்சரியம்தான்.

ஏன் கழற்றினேன்? ஈரம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. ஈரத்தை உறிஞ்ச உள்ளே வைத்திருந்த குருணைப் பைகள் எல்லாம் நிறம் மாறிவிட்டன. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் உங்கள் 85-இன் கண்ணில் பூஞ்சை படர்ந்திருக்கும். குருணையைச் சட்டியில் போட்டு வறுத்து, ஆறவைத்து, திரும்ப வைத்தேன். லென்ஸ் ஒவ்வொன்றையும் துடைத்தேன். சக்களத்திக்கு இதைவிடப் பணிவிடை செய்தவள் உலகத்தில் இருக்க மாட்டாள். உங்களிடமிருந்து ஒரு நன்றியை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தாலும் வந்திருக்காது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஒரு படத்தைக் காட்டினால் எடுத்தவன் எந்தக் கையால் சாப்பிடுவான் என்பதுவரை சொல்வேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளப்பீர்களே. இப்போது சொல்லுங்கள் பார்ப்போம். அதற்காகத்தான் அவ்வளவு பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தூசி எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை.

உங்கள் மனைவி


பிப்ரவரி 22

அன்புள்ள மனைவிக்கு,

விடுகதை போடுகிறாயா? சரி, அவிழ்க்கிறேன்.

முதலில், நானே டைமர் வைத்து எடுத்தேன் என்று சொல்லிவிடாதே. 85 கையால் திருப்பி ஃபோகஸ் பண்ணும் பழைய லென்ஸ். தானாக எதையும் பிடிக்காது. அதையும் முழுக்கத் திறந்து வைத்து எடுத்திருக்கிறது. கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெளிவு, காது மங்கல். முகம் ஒரு விரல் முன்னே பின்னே போயிருந்தால் போச்சு. அப்படியென்றால் கேமராவுக்குப் பின்னால் யாரோ நின்று நிதானமாக வளையத்தைத் திருப்பியிருக்கிறார். அவசரமே இல்லாமல். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது, வெளிச்சம். சாஃப்ட் பாக்ஸை இவ்வளவு கீழே, இவ்வளவு கிட்டத்தில் வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து யாருமில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் மேலேயிருந்துதான் இறக்குவோம். எதிர்த்தெரு ஸ்டுடியோ ஒல்லி புதுசு புதுசாக ஏதாவது செய்து பார்ப்பான். என் 85-ஐ ஒரே ஒரு நாள் இரவல் கொடுங்கண்ணே என்று அலையாய் அலைந்தவனும் அவன்தான். நான் இல்லாத வீடு அவனுக்குத் திறந்த வீடாகப் போயிற்றோ என்னவோ.

மூன்றாவது. நீ கோபப்படுவாய், இருந்தாலும் சொல்கிறேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஃபோன் பண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்ததாம். உள்ளேயிருந்து ஃப்ளாஷ் வெட்டி வெட்டி மின்னியதாம். ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கடை கிடையாது.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. நீ அந்தப் படத்தில் சிரிக்கிறாய். உதட்டால் இல்லை, கண்ணால். கல்யாணமானதிலிருந்து உன்னை எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன். என் கேமராவுக்கு முன்னால் நீ ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை. யாரைப் பார்த்துச் சிரித்தாய்? இதைக் கேட்காமல் என்னால் தூங்க முடியவில்லை.

உன் கணவன்


மார்ச் 1

ஸ்டுடியோ முதலாளி அவர்களுக்கு,

ஜெராக்ஸ்காரர் மறுநாளே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அண்ணன் கேட்டாரு, இருக்கறத சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் ஏன் அவரைத் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்? ஆனால் அன்றிலிருந்து மெஷினை விட்டுவிட்டு வாசலிலேயே நிற்கிறார். நம் கடைக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கணக்கு வைக்கிறார் போல. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு அம்மா, உங்க வாட்ச்மேன் ஏங்க இப்படி முறைக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போனார். சம்பளமில்லாத வாட்ச்மேனை எனக்கு ஏற்பாடு செய்ததற்கு நன்றி.

ஒல்லியை நான் பார்த்தேன். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்குச் சாமான் கடையில் எதிரே வந்தார். சாஃப்ட் பாக்ஸ் மாட்டும் வளையம் நம் பழைய ஃப்ளாஷுக்குப் பொருந்துமா என்று கேட்டேன். அவர் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அண்ணனைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், எனக்கெதற்கு வம்பு என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். கடைக்காரர்தான் பொருந்தும் என்றார். உங்கள் பெயருக்கு ஊரில் அவ்வளவு மரியாதை.

நீங்கள் எண் போட்டு எழுதினீர்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம், அந்தக் கைக்குழந்தையின் அம்மா முன்னால் என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கினீர்கள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது, நீங்கள் ஃபோனில் இருந்தீர்கள், சிரிப்பு போய்விடுமே என்று நான் எடுத்தேன். அதற்கு என்ன சொன்னீர்கள்? "ரிஃப்ளெக்டர் புடிச்சா போதும், ஃபோட்டோகிராஃபர் ஆயிட முடியாது." அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ரிஃப்ளெக்டரை எடுத்து வெளிச்சத்தைக் குழந்தை மேல் திருப்பிப் பிடித்தேன். ரிஃப்ளெக்டர் நேரா புடி என்றீர்கள்.

அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. இப்போது யார், யார், யார் என்று கேட்கிறீர்கள். இன்னும் யோசியுங்கள்.

கடையைப் பார்த்துக்கொள்பவள்


மார்ச் 8

அடியேய்,

இனி யோசிக்க ஒன்றுமில்லை. பார்த்துவிட்டேன்.

என் வேலை உனக்குப் புரியாது. கெட்டில் என்பது கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதையெல்லாம் வயிற்றில் வாங்கிக் காட்டும். கேமரா, கூரை, விளக்கு, என் மூக்கு, எல்லாம் தெரியும். தெரியக் கூடாதது எங்கே தெரிகிறது என்று தேடித் தேடி மறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இப்போதெல்லாம் டீக்கடையில் கரண்டியைப் பார்த்தால்கூட அதில் யார் நிற்கிறார்கள் என்றுதான் கண் போகிறது. அப்படிப்பட்டவனுக்கு உன் கண்ணைப் பார்க்கத் தோன்ற இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அதற்கே வெட்கப்படுகிறேன்.

கம்பெனி ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் உன் படத்தைக் கெட்டில் மேஜையில் வைத்தேன். சின்னச் சாமான்களை எடுக்கும் மேக்ரோ லென்ஸை மாட்டி, உன் இடது கண்ணை மட்டும் எடுத்தேன். கருவிழியை மானிட்டர் முழுக்கப் பெரிதாக்கினேன். எட்டு மூலை சாஃப்ட் பாக்ஸ் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறான்.

ஆம்பளை. கோட் போட்டிருக்கிறான். அகலமான தோள். தலை சிறியது. முகம் தெரியவில்லை. ஒல்லி இல்லை, ஒல்லிக்கு ஏது தோள்? அப்படியென்றால் இவன் யார்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கோட் போட்டுக்கொண்டு வந்து உன் எதிரே நிற்கிறவன் யார்? அவனைப் பார்த்துத்தானே அப்படிச் சிரிக்கிறாய்?

சாப்பாடு இறங்கவில்லை. மேனேஜர் வந்து, குக்கரில் கூரை விளக்கு தெரியுதே, கவனிக்கலையா என்று திட்டினார். கவனிக்கவில்லை. எனக்கு உன் கண்ணைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. நான் உன்னை நேசிக்கிறேன், அது உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை நேராகச் சொல். அவன் யார்? நான் திரும்பி வர வேண்டுமா, வேண்டாமா?


மார்ச் 14

என்னங்க,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நீங்கள் பார்த்த பேயை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஊரில் பாதி ஆண்களுக்குத் தெரியும்.

அது நம் ஸ்டுடியோ கோட். பாஸ்போர்ட் படத்துக்கு வெறும் சட்டையோடு வருகிறவர்களுக்கு மாட்டிவிடுவோமே, முதுகில் துணி கிளிப் போட்டு இறுக்குவோமே, அந்தக் கறுப்புக் கோட். பக்கவாட்டு ஜன்னலின் வெளிச்சம் லென்ஸுக்குள் சாய்வாக அடித்தது. மறைக்கக் கறுப்பாக ஒன்றும் கிடைக்கவில்லை. காலியாக நின்ற விளக்கு ஸ்டாண்டில் கோட்டை மாட்டி ஜன்னல் முன்னால் நிறுத்தினேன். சிறிய தலை என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஸ்டாண்ட் உச்சியில் அணைந்து கிடந்த ஃப்ளாஷ்.

படத்தை எடுத்தது நான்தான். அந்த 85-ஐ வைத்து ஒரு ஆள் தன்னைத்தானே எடுக்க முடியாது என்று எழுதினீர்கள். எனக்கும் முடியவில்லை. முதலில் வந்ததெல்லாம் காது தெளிவு, கண் மங்கல். அப்புறம் கேமரா நிற்கும் முக்காலியில் ஒரு நூலைக் கட்டினேன். மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நூல் விறைக்கும் இடத்தில், என் முகத்துக்குப் பதிலாகத் தலையணையைத் தூக்கி வைத்து, அதில் ஃபோகஸைச் சரிசெய்தேன். பிறகு நான் உட்கார்ந்து, நூலைக் கடித்து, விறைத்ததும் அசையாமல் நூலை மட்டும் விட்டுவிட்டு ரிமோட்டை அழுத்தினேன். சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. ஜெராக்ஸ்காரர் பார்த்த மின்னல் அதுதான். கடைசியில் பல் கூசியது. சாஃப்ட் பாக்ஸை ஏன் கீழே வைத்தேன் என்றால், மேலே வைத்தால் என் கண் குழி விழுந்த மாதிரி தெரிகிறது. நீங்கள் எப்போதும் மேலேதான் வைப்பீர்கள். என் கண் எப்போதும் குழி விழுந்துதான் தெரியும்.

யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று கேட்டீர்கள். அறையில் யாரும் இல்லை. தாடையைக் கீழே இறக்கு, தோளைத் திருப்பு, இன்னும் கொஞ்சம் சிரி, அவ்வளவு வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. அதனால் சிரிப்பு வந்தது.

அந்தக் குழந்தையின் அம்மா திரும்ப வந்தார். அன்று நான் எடுத்த படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். காட்டினேன், பெரிதாகப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். தன் அக்காவையும் கூட்டி வந்தார். அதற்கப்புறம்தான் கீலைக் கழற்றினேன். ஈரம், முள் என்றெல்லாம் எழுதியதும் உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. இப்போது வாரத்தில் பல நாள் ஆட்கள் வருகிறார்கள். சாஃப்ட் பாக்ஸ் கீழேதான் இருக்கிறது.

அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியபோது, இவ்வளவு நல்லா யார் எடுத்தது என்று கேட்பீர்கள் என நினைத்தேன். யார் எடுத்தது என்று கேட்டீர்கள். அவ்வளவுதான் கேட்டீர்கள்.

நான் யாரென்று என் கண்ணில் தேட மேக்ரோ லென்ஸ் வேண்டியிருக்கிறது என்றால், வர வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு அழுகை வருகிறது, அதோடு சிரிப்பும் வருகிறது. ஒரு கோட்டைப் பார்த்துப் பட்டினி கிடந்தீர்களே.


மார்ச் 21

அன்புள்ள உனக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்றே ஆரம்பிக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று இங்கே ஒரு காரியம் செய்தேன். விளக்கு ஸ்டாண்டில் மேனேஜரின் கோட்டை மாட்டி, ஜன்னல் முன்னால் நிறுத்தி, கெட்டிலில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். அதே ஆள் வந்து நின்றான். அதே தோள், அதே சின்னத் தலை. ரொம்ப நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவனுக்காகவா இந்தப் பாடு பட்டோம் என்று இருந்தது. மேனேஜர் தன் கோட்டைக் கேட்டு வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டிலிருந்து தானே கழற்றிக்கொண்டு போனார்.

படம் நன்றாக இருக்கிறது. நன்றாக என்பது போதாது. நான் எடுத்திருந்தால் சாஃப்ட் பாக்ஸை மேலே வைத்திருப்பேன், கெடுத்திருப்பேன். இத்தனை வருஷமாக உன் முகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. குழந்தையின் அம்மா முன்னால் சொன்னதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அந்தப் படமும் நன்றாகத்தான் வந்திருந்தது. அன்றைக்கே பார்த்தேன். பார்த்ததால்தான் அப்படிப் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது.

பெட்டிச் சாவி இதோடு வருகிறது. 85 உன்னுடையது. இரவல் இல்லை. அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன். வரட்டுமா?


மார்ச் 27

என்னங்க,

சாவி வந்தது. கீலைத் திரும்ப முடுக்கிவிட்டேன்.

படம் நன்றாக இருக்கிறது என்று எழுதியதை ரொம்பத் தடவை படித்தேன். இல்லையென்று பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. என் கடிதம் வந்தது, படித்தீர்கள், அப்புறம் கோட்டை மாட்டிப் பார்த்தீர்கள். கோட் ஒத்துப் போன பிறகு மன்னிப்புக் கேட்டீர்கள். ஒத்துப் போகாமல் இருந்திருந்தால்? மேனேஜரின் கோட் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் என் கதி என்ன? அவர் கோட்டை நம்பி நான் குடித்தனம் நடத்த முடியாது.

வாருங்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வீடு காலியாக இருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போக வேண்டாம், நேராகக் கடைக்கு வாருங்கள். படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்காருங்கள். நான் உங்களை எடுக்கப் போகிறேன். வெளிச்சம் எங்கே வைக்கிறேன் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்த லென்ஸ், எவ்வளவு திறந்திருக்கிறது, கோட் எதற்கு என்று கேட்கக் கூடாது. தாடையை இறக்கு என்று நான் சொன்னால் இறக்க வேண்டும். எடுத்த பிறகு படத்தைக் காட்டுவேன். அதுவரை பேசாமல், என்னை நம்பி உட்கார்ந்திருக்க முடிந்தால், சேர்ந்து வீட்டுக்குப் போகலாம். முடியாது என்றால் சாயங்காலம் திரும்ப ஒரு பஸ் இருக்கிறது.


ஏப்ரல் 3

அன்புள்ள உனக்கு,

லீவு கிடைத்துவிட்டது. கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேருவேன்.

இங்கே கண்ணாடி முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னை யாராவது ஒழுங்காகப் படம் எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தானே நின்றிருக்கிறேன். அங்கே நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அது சௌகரியமாக இருந்திருக்கிறது.

முதலில் நீ எந்த லென்ஸை மாட்டுவாய் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஒன்றும் கேட்க மாட்டேன். சொன்னபடி உட்காருகிறேன்.

உன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நீ எடுக்கும் படத்தில் நான் எப்படிப்பட்ட ஆளாகத் தெரிவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.